அரை வந்த வழி

"அண்ணாச்சி, அரைக் கிலோ வத்தல் போடுங்க."

விளாத்திகுளம் கடைத்தெருவில் இப்படிக் கேட்டால், கடைக்காரர் மிளகாய் வத்தலை அள்ளித் தட்டில் போடுவார். மின்னணுத் தராசின் சிவப்பு எண்கள் 0.485, 0.490, 0.495 என்று ஏறும். இன்னும் நாலைந்து வத்தல் விழுந்ததும் 0.500-இல் நிற்கும். கடைகளில் உள்ள 30 கிலோ தராசு பெரும்பாலும் ஐந்தைந்து கிராமாகத்தான் நகரும். அதனால் கடைசி இலக்கம் சுழியாகவோ ஐந்தாகவோ மட்டும் இருக்கும். கேட்டது அரை. தராசு காட்டுவது 0.500. கூடவே நிற்கும் பிள்ளையின் கணக்கு நோட்டில் அதே அரை 0.5 என்று இருக்கும். ரூபாய்க் கணக்கில் வந்தால் 0.50. மூன்றில் எது பெரியது என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். "புள்ளி ஐநூறுதான் பெருசு" என்று சொல்லும் பிள்ளைகள் ஏராளம். ஐந்தைவிட ஐம்பது பெரிது, ஐம்பதைவிட ஐநூறு பெரிது என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொடுத்தது நாம்தான். பிள்ளை அதைச் சரியாகவே பிடித்து வைத்திருக்கிறது.

அரை என்ற அளவு ஓலைச்சுவடியிலிருந்து இந்தச் சிவப்பு எண்கள் வரை வந்த வழி நீளமானது. கரிசல் காட்டின் பணமும் எடையும் நிலமும் அந்த வழியில்தான் மாறி வந்தன. அதைத் தெரிந்துகொண்டால் 0.5, 0.50, 0.500 என்ற மூன்றும் ஏன் ஒன்று என்பது பிள்ளைக்கு மட்டுமல்ல, பட்டா கையில் வைத்திருக்கும் பெரியவருக்கும் விளங்கும்.

தொடக்கத்தில் அரைக்குப் புள்ளியும் இல்லை, சுழியும் இல்லை. பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கு ஓர் எழுத்து, நூறுக்கு ஓர் எழுத்து, ஆயிரத்துக்கு ஓர் எழுத்து. பின்னங்களுக்கும் அப்படியே. அரைக்கு ஒரு குறி, காலுக்கு ஒரு குறி, மாவுக்கு ஒரு குறி, காணிக்கு ஒரு குறி. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எண்சுவடியைப் பார்த்து மணலில் விரலால் எழுதி, வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். மா என்றால் இருபதில் ஒன்று. அரைமா நாற்பதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. அரைக்காணி நூற்றறுபதில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. முந்திரிக்கும் கீழே போக வேண்டுமென்றால், முந்திரியில் முந்நூற்றிருபதில் ஒரு பங்கான கீழ்முந்திரி. அது 1,02,400-இல் ஒன்று.

அந்தப் பிள்ளைக்கு அரை என்றால் ஒரே ஒரு பெயர் இல்லை. பத்து மா சேர்ந்தாலும் அரை. நாற்பது காணி சேர்ந்தாலும் அரை. நூற்றறுபது முந்திரி சேர்ந்தாலும் அரை. எண்ணிக்கை பத்திலிருந்து நூற்றறுபதாக ஏறுகிறது. ஆனால் எண்ணப்படும் துண்டு அதே அளவுக்குச் சிறுத்துக்கொண்டே போகிறது. மொத்தம் மாறவில்லை. இன்றைய வகுப்பில் 0.5-உம் 0.50-உம் சமம் என்று சொல்லும்போது நாம் சொல்வதும் இதையேதான். பத்தில் ஐந்து துண்டு, நூறில் ஐம்பது துண்டு, ஆயிரத்தில் ஐநூறு துண்டு. துண்டு சிறுத்தால் எண்ணிக்கை கூடும். இதில் திண்ணைப் பிள்ளைக்குக் குழப்பம் வர வழி குறைவு. ஏனென்றால் துண்டின் பெயரைச் சொல்லாமல் அந்தப் பிள்ளையால் எண்ணவே முடியாது. 'பத்து' என்று மட்டும் சொன்னால் 'பத்து என்ன, மாவா காணியா?' என்று வாத்தியார் கேட்டுவிடுவார்.

இந்த வரிசையில் இன்னொரு அழகு இருக்கிறது. அதை நான் வியந்து வியந்து பார்த்திருக்கிறேன். இந்தப் பழைய பின்னங்களை இன்றைய தசமத்தில் எழுதிப் பாருங்கள். மா 0.05. அரைமா 0.025. காணி 0.0125. அரைக்காணி 0.00625. முந்திரி 0.003125. அரையிலிருந்து இறங்கும் வரிசையும் இப்படித்தான்: அரை 0.5, கால் 0.25, அரைக்கால் 0.125, மாகாணி 0.0625. ஒவ்வொரு முறை பாதியாக்கும்போதும் புள்ளிக்குப் பின் ஓர் இடம் கூடுகிறது. எதுவும் முடிவில்லாமல் ஓடவில்லை. காரணம் எளிது. 320 என்பது இரண்டை ஆறு முறை பெருக்கி, அதை ஐந்தால் பெருக்கினால் வருவது. பத்து என்பதும் இரண்டும் ஐந்தும் பெருகி வருவதுதான். அதனால் முந்திரியின் மடங்குகளாக வரும் எந்தப் பின்னமும் தசமத்தில் ஆறு இடத்துக்குள் முடிந்துவிடும். கீழ்முந்திரிகூடப் பன்னிரண்டு இடத்தில் 0.000009765625 என்று முடிந்துவிடுகிறது. மூன்றில் ஒன்றுக்கு இந்த வரிசையில் இடமில்லை. தசமத்திலும் அது 0.333 என்று முடிவில்லாமல் ஓடிக்கொண்டேதான் இருக்கும். புள்ளியை அறியாத நம் முன்னோர் கையாண்ட பின்னங்கள், பிற்காலத்தில் வரப்போகும் புள்ளிக்கு முற்றிலும் இசைந்தவையாக இருந்திருக்கின்றன. இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லாமல் விட்டது பெரிய இழப்பு.

புள்ளி வேறு ஊர்களில் பிறந்து வளர்ந்துகொண்டிருந்தது. இந்திய இலக்கங்களையும் சுழியையும் கற்றுக்கொண்ட அரபு உலகத்தில், டமாஸ்கஸ் நகரில் 952–53-இல் அல் உக்லிதிசி என்பவர் எழுதிய கணக்கு நூலில் 19-ஐப் பாதி பாதியாக்கிக்கொண்டே போகிறார்: ஒன்பதரை, அதில் பாதி, அதிலும் பாதி என்று ஐந்து முறை போய் இன்றைய எழுத்தில் 0.59375 என்ற இடத்தில் நிற்கிறார். அரை, கால், அரைக்கால் என்று நம் பிள்ளைகள் இறங்கிய அதே படிகள்தான். 1427-இல் சாமர்கண்டில் அல் காஷி தசமப் பின்னங்களை முறையாக விளக்கினார். ஐரோப்பாவில் 1585-இல் சைமன் ஸ்டெவின் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். நிலம் அளப்பவர்கள், துணி அளப்பவர்கள், மதுப்பீப்பாய் அளப்பவர்கள், நாணயச் சாலைக்காரர்கள், வியாபாரிகள் ஆகியோருக்கு என்று அதன் தொடக்கத்திலேயே எழுதியிருந்தார். தராசும் முழக்கோலும் பிடிக்கிற கைகளுக்காகத்தான் தசமம் எழுதப்பட்டது என்பதை நம் பாடப்புத்தகங்கள் அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஸ்டெவின் புள்ளி வைக்கவில்லை. ஒவ்வோர் இலக்கத்துக்கும் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் அது எந்த இடம் என்று எழுதினார். பத்தில் ஒன்றாம் இடத்துக்கு வட்டத்துள் 1. நூறில் ஒன்றாம் இடத்துக்கு வட்டத்துள் 2. ஆயிரத்தில் ஒன்றாம் இடத்துக்கு வட்டத்துள் 3. அவர் முறையில் அரை என்பது 5①. வத்தல் தராசு காட்டும் 0.500-ஐ எழுதினால் 5①0②0③. இதைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிடும்: பத்தில் ஐந்து இருக்கிறது, நூறில் ஒன்றும் இல்லை, ஆயிரத்தில் ஒன்றும் இல்லை. இல்லாததைச் சேர்த்து அளவு எப்படிக் கூடும்? பின்னாளில் எழுதும் வசதிக்காக வட்டங்கள் போய் ஒரே புள்ளி மிஞ்சியது. இடத்தின் பெயரும் அதோடு கண்ணிலிருந்து மறைந்தது. பிள்ளைகளின் குழப்பம் அந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலை.

கரிசல் காட்டில் எல்லார் கைக்கும் தசமம் பணமாகத்தான் வந்து சேர்ந்தது. 1957 ஏப்ரல் 1 வரை ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓரணா என்றால் ரூபாயில் பதினாறில் ஒன்று, அதாவது மாகாணி. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி. இருபதில் ஒன்றும் எண்பதில் ஒன்றும் கூடினால் சரியாகப் பதினாறில் ஒன்று வரும். சுவடியில் படித்த கணக்கு அப்படியே கைக்காசில் நடமாடியது. அரை ரூபாய் எட்டணா, கால் ரூபாய் நாலணா. அந்த ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா ஆனது. எட்டணாவுக்குச் சிக்கல் இல்லை. அது நேராக 50 நயா பைசா. நாலணா 25. ஓரணாவில்தான் இடித்தது. நூறைப் பதினாறால் வகுத்தால் 6.25; கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. அதனால் ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று அட்டவணை போட்டார்கள். நாலு தடவை ஓரணா கொடுத்தவருக்கு 24 பைசாதான் கணக்கு. மொத்தமாக நாலணா கொடுத்தவருக்கு 25. புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்களை வெட்டினால் யாரோ ஒருவர் இழக்கிறார் என்பதை நாடு முழுக்க மக்கள் தங்கள் கைக்காசில் கற்றுக்கொண்டார்கள். நம்மை ஆண்டுவிட்டுப் போன பிரிட்டனே 1971 பிப்ரவரி 15-இல்தான் தசமக் காசுக்கு மாறியது.

எடை அடுத்த ஆண்டு வந்தது. நாற்பது பலம் ஒரு வீசை. வீசை இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1.4 கிலோ. 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் புழக்கத்துக்கு வரத் தொடங்கி, அறுபதுகளின் தொடக்கத்தில் வீசையும் பலமும் கடையை விட்டுப் போயின. அரைக் கிலோ என்பது அறுகோண வார்ப்பிரும்புக் கல்லாக வந்து உட்கார்ந்தது. அதன் துளையில் ஈயத்தை அடைத்து அதன்மேல் அரசு முத்திரை குத்துவார்கள். அந்தக் கல்லில் 500 என்று பொறித்திருக்கும். புள்ளி இல்லை. இரும்புக் கல் இருந்தவரை எடைக்கு யாரும் புள்ளி பார்க்க வேண்டியிருக்கவில்லை. அரையும் காலும் கல்லாகவே இருந்தன. மின்னணுத் தராசு வந்த பிறகுதான் அரை 0.500 ஆயிற்று, கால் 0.250 ஆயிற்று. அந்தத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு முத்திரை வைக்க வேண்டும் என்பது சட்டம்.

நிலத்தில்தான் இந்தக் கணக்கு வயிற்றில் அடிக்கும். ஏக்கரில் நூறில் ஒன்று சென்ட். எனவே 1 ஏக்கர் 50 சென்ட் என்றால் 1.50, அதாவது 1.5. ஒரு ஏக்கர் 5 சென்ட் என்றால் 1.05. மூன்று ஏக்கர் புஞ்சையை அண்ணன் தம்பி இருவர் பாதிப் பாதியாகப் பிரித்தால் ஆளுக்கு 1.5. இரண்டு ஏக்கர் பத்து சென்டைப் பிரித்தால் ஆளுக்கு 1.05. காகிதத்தில் '1.5' என்று இருப்பதை 'ஒரு ஏக்கர் அஞ்சு சென்ட்' என்று படிக்கிறவர்களை எந்தக் கிராமத்திலும் பார்க்கலாம். அப்படிப் படித்து ஒப்புக்கொண்டால் போவது 45 சென்ட், 1,800 சதுர மீட்டருக்கும் மேல். உளுந்தோ பாசியோ விதைத்து ஒரு மழைக்காகக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அது சின்ன நிலமில்லை. வாலில் நிற்கும் சுழி அளவை மாற்றாது. புள்ளிக்கும் ஐந்துக்கும் நடுவில் வந்து நிற்கும் சுழி, ஐந்தைப் பத்தில் ஐந்து என்ற இடத்திலிருந்து நூறில் ஐந்து என்ற இடத்துக்குத் தள்ளிவிடுகிறது. சமான தசமம் என்ற பாடத்தில் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டியது இந்த இரண்டு சுழிகளின் வித்தியாசம்தான்.

பழைய பத்திரம் ஏக்கர், சென்டில் பேசும். இன்றைய பட்டா ஹெக்டேர், ஏரில் பேசும். ஒரு ஹெக்டேர் என்றால் நூறு ஏர். ஒரு ஏர் என்றால் நூறு சதுர மீட்டர். பட்டாவில் பரப்பு '0 - 40.50' என்று இருந்தால் ஹெக்டேர் ஒன்றும் இல்லை, 40.50 ஏர் என்று பொருள். அது கிட்டத்தட்டச் சரியாக ஒரு ஏக்கர். இதே பரப்பைப் பயிர்க் காப்பீட்டுப் படிவத்திலோ வேறு விண்ணப்பத்திலோ ஹெக்டேரில் எழுதினால் 0.4050, கணினி கடைசிச் சுழியை விட்டுவிட்டால் 0.405. "40.50 இருந்தது 0.405 ஆயிருச்சே, நிலத்தைக் குறைச்சிட்டாங்களா?" என்று ஒரு சம்சாரி கேட்டால் அது அறியாமை ஆகாது. அலகு மாறியது ஒன்று, சுழி போனது இன்னொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால் வந்த கலக்கம் அது. அலகு மாறினால் புள்ளி நகரும். வால்சுழி போனால் எதுவும் நகராது. எதிரே உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவர் இந்த இரண்டையும் பிரித்து அரை நிமிடம் சொன்னால் போதும்.

வால்சுழி அளவை மாற்றாது என்றால் அதை எதற்காக எழுதுகிறார்கள்? எத்தனை நுணுக்கமாக அளந்தோம் என்பதை அது சொல்கிறது. வானிலைத் துறை மழையை மில்லிமீட்டரில், ஒரு தசம இடம் வரை எழுதுகிறது. ஒரு நாளில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அது மழை நாள் என்று கணக்கில் ஏறும்; 2.4 பெய்தால் ஏறாது. 12.0 என்று எழுதியிருந்தால் பத்தில் ஒன்று வரை பார்த்தேன், அங்கே ஒன்றும் இல்லை என்று பொருள். வெறும் 12 என்று இருந்தால் அவ்வளவு தூரம் பார்த்தாரா என்பது தெரியாது. நகைக்கடைத் தராசு ஒரு பவுனை 8.000 கிராம் என்று காட்டுவதும் இதற்குத்தான். கரிசல் சம்சாரி 'ஒரு உழவு மழை' என்று சொல்லும்போது அவருக்குத் தேவையான நுணுக்கம் அதில் இருக்கிறது. ஈரம் ஏர் ஓடும் ஆழத்துக்கு இறங்கியதா என்பதுதான் அவர் கேள்வி. எந்த வேலைக்கு எத்தனை இடம் வேண்டும் என்று முடிவு செய்வதும் கணக்கில் சேர்ந்ததுதான்.

வகுப்பறைக்கு வருவோம். பெரும்பாலான இடங்களில் தசமத்தைக் காசை வைத்துத் தொடங்குகிறோம். 0.45-ஐவிட 0.5 பெரிது என்று காட்ட, 45 பைசா, 50 பைசா என்கிறோம். அந்த நேரத்துக்கு அது உதவும். ஆனால் காசுக்கு இரண்டே இடம்தான். பிள்ளை ரூபாயை ஒரு முழு எண்ணாகவும் பைசாவை இன்னொரு முழு எண்ணாகவும் பிடித்துக்கொண்டு, நடுவில் உள்ள புள்ளியை வெறும் வேலியாக நினைத்துவிடுகிறது. தராசில் 0.125 வந்ததும் அந்த நினைப்பு உடைந்துபோகிறது. கிரிக்கெட்டும் தன் பங்குக்குக் குழப்புகிறது. 4.5 ஓவர் என்றால் நாலு ஓவரும் ஐந்து பந்தும். அடுத்த பந்தில் 5. நாலரை ஓவர் என்றால் 4.3. அது தசமமே இல்லை என்பதை ஆசிரியர் ஒருமுறை எடுத்துச் சொல்லிவிட வேண்டும். மெல்பர்னில் கே ஸ்டேசி, விக்கி ஸ்டைன்லி ஆகிய இருவரும் பள்ளிப் பிள்ளைகளின் தசமப் பிழைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். நீளமாக இருப்பதுதான் பெரியது என்று நினைக்கும் பிள்ளைகளும் உண்டு, குட்டையாக இருப்பதுதான் பெரியது என்று நினைக்கும் பிள்ளைகளும் உண்டு என்று அவர்கள் காட்டினார்கள். ஆகவே இது நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை அல்ல. ஒவ்வொரு பிழைக்குப் பின்னாலும் பிள்ளையிடம் ஒரு காரணம் இருக்கிறது.

எங்கள் மண்ணிலேயே இதற்கு நல்ல பாடம் கிடக்கிறது. கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் அந்த வெடிப்பின் அகலத்தை அளக்கச் சொல்லுங்கள். முதலில் சென்டிமீட்டர் கோடு மட்டும் உள்ள அட்டையால்: மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில். அப்புறம் மில்லிமீட்டர் கோடு உள்ள அளவுகோலால்: 3.5 செ.மீ. அதையே மில்லிமீட்டரில் சொல்லச் சொன்னால் 35. மீட்டரில் எழுதச் சொன்னால் 0.035. எண் எப்படி மாறினாலும் வெடிப்பு அதே வெடிப்புதான் என்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்கிறது. பிறகு நூறு கட்டம் போட்ட தாளில் ஐந்து முழுப் பத்தியை ஒரு நிறத்தில் தீட்டச் சொல்லி, அதில் எத்தனை கட்டம் என்று எண்ணச் சொல்லுங்கள். ஐந்து பத்தி, ஐம்பது கட்டம். 0.5, 0.50. சாயம் பூசிய இடம் ஓர் அணுவும் கூடவில்லை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். 0.50-ஐப் 'புள்ளி ஐம்பது' என்று வாசிக்கப் பழக்காதீர்கள். குறைந்தது முதல் சில மாதங்களுக்காவது 'நூறில் ஐம்பது' என்று சொல்லவையுங்கள், 0.500 வந்தால் 'ஆயிரத்தில் ஐநூறு'. இப்படி வாய்விட்டுச் சொன்ன பிள்ளை 0.45-ஐ 0.5-க்கு மேலே வைக்காது. திண்ணைப் பிள்ளையைப் போல அது துண்டின் பெயரைச் சொல்லித்தான் எண்ணும். பத்திரம் எழுதுகிறவர்களிடமும் இ-சேவை மையத்தில் இருப்பவர்களிடமும் இன்னொன்று கேட்கிறேன். எண்ணை எழுதிய கையோடு எழுத்தாலும் எழுதுங்கள்: 1.5 ஏக்கர் என்று எழுதினால் பக்கத்திலேயே 'ஒரு ஏக்கர் ஐம்பது சென்ட்' என்று எழுதுங்கள். ஒரு வரி கூடும். ஒரு குடும்பத்தின் நாற்பத்தைந்து சென்ட் தப்பும்.